கவிழ்ந்தது வண்டி மட்டுமா?

"டிப்பர் கவிழ்ந்தது, தொழிலாளி பலி." நாளேட்டின் மூலையில் நான்கே வரி. படிக்கிறோம், பக்கத்தைப் புரட்டுகிறோம். ஓட்டுநரின் கவனக்குறைவு என்று எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார்கள்.

கவனக்குறைவு யாருடையது?

முதுநகரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில், வயல்களினூடே மண்ணைக் கொட்டி மேடாக்கிச் சாலை போட்டதை நாம் பார்த்திருக்கிறோம். நடுமேட்டிலே உருளை பலமுறை ஓடி மண் இறுகியிருக்கும். ஓரமோ நேற்றுக் கொட்டிய மண். ஐப்பசி மழையில் ஊறிய மண்! அந்த ஓரத்தில் பின்வாங்கி நிற்கிறது டிப்பர். பெட்டி எழுகிறது. ஈரக் களிமண் சரியாமல் உச்சியிலேயே ஒட்டிக் கிடக்கிறது. பாரமெல்லாம் உயரத்திலே இருக்க, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் புதைந்தால் எந்தக் கவனம் காப்பாற்றும்? உருளை ஓட்டுபவன் கதியும் அதுதான். தப்பலாம் என்று குதிக்கிறான். குதித்த பக்கமே சாய்கிறது அத்தனை டன் இரும்பும்.

விதி என்பார்கள். சுவீடன் நாட்டில் 1959-இல், புதிய டிராக்டர் ஒவ்வொன்றிலும் ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் கூண்டு வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். 1957-இல் லட்சம் டிராக்டருக்கு 17 என்றிருந்த கவிழ்ந்த சாவு, 1990-இல் ஒன்றுக்கும் கீழே இறங்கிற்று. விதி அந்த நாட்டில் விடுப்பு எடுத்துக்கொண்டதா? (கூண்டு இருந்தும் இடுப்புவார் கட்டாதவன் வெளியே வீசப்பட்டு, அந்தக் கூண்டின் அடியிலேயே நசுங்குவான். தோழர்களே, இது நமக்கும் சேர்த்துத்தான்.)

2021 ஆகஸ்டு 20. மராட்டியத்துப் புல்தானா மாவட்டம், சம்ருத்தி விரைவுச்சாலைப் பணி. இரும்புக் கம்பி ஏற்றிய டிப்பரிலே ஆட்களையும் ஏற்றினார்கள். வண்டி கவிழ்ந்தது, 13 தொழிலாளர் மாண்டனர். கம்பிக்கும் மனிதனுக்கும் ஒரே பெட்டி!

1996-இல் கட்டடத் தொழிலாளர்க்கெனச் சட்டம் வந்தது. கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒன்று தீர்வை. இறந்தவன் வீட்டுக்கு அதிலிருந்து உதவி. வாங்கத்தான் வேண்டும், நம் வியர்வையின் பங்கு அது. ஆனால் நாம் கேட்பது பிணத்துக்குப் பின்னால் வரும் பணத்தை அல்ல. மேட்டின் ஓரத்தில் சக்கரத்தைத் தடுக்க ஒரு கரை, பெட்டி தூக்கும்போது கைகாட்ட ஓர் ஆள், ஆட்களுக்குத் தனி வண்டி, இயந்திரத்துக்குக் கூண்டு. ஜல்லிக்கும் தாருக்கும் ஒப்பந்தத்தில் பக்கம் பக்கமாக விலை எழுதுகிறீர்களே, இதற்கு ஒரு வரி எழுதினால் தாள் கிழிந்துவிடுமா?