வேப் பேட்டரியைக் கழற்ற வழி செய்யுங்கள்

பிரிட்டனில் ஒருமுறை இழுத்துத் தீர்த்துத் தூக்கியெறியும் வேப்களின் (மின்சிகரெட்டுகளின்) விற்பனைக்கு 2025 ஜூன் 1 முதல் தடை. நல்ல சட்டம். ஆனால் இன்றும் மூலைக்கடைகளில் கல்லாவுக்குப் பின்னால் அதே வண்ணங்களில், ஏறக்குறைய அதே வடிவில் வேப்கள் அடுக்கியிருக்கின்றன. அடியில் சார்ஜ் போட ஒரு துளை, மேலே மாற்றிக்கொள்ளும் குப்பி. இவ்விரண்டும் இருந்தால் சட்டத்தின் கணக்கில் அது மீண்டும் பயன்படும் பொருள். பேட்டரியைச் சார்ஜ் செய்ய முடிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கழற்ற முடிய வேண்டும் என்று சொல்லவில்லை. அதனால் பெரும்பாலானவற்றில் லித்தியம் பேட்டரி பிளாஸ்டிக் கூட்டுக்குள் மூடியபடியே கிடக்கிறது. வேப் பழுதானால் பேட்டரியோடு சேர்ந்தே குப்பைக்குப் போகிறது.

இந்த விடுபாட்டுக்கு விலை கொடுப்பவர்கள் குப்பை அள்ளும் தொழிலாளர்கள். லாரிக்குள் கழிவை நசுக்கும் தகடு அழுத்தும்போது பேட்டரியின் உள்ளடுக்குகள் கிழிந்து ஒன்றையொன்று தொடுகின்றன. நொடிகளில் சூடேறி, எரியும் வாயுவைக் கக்கித் தீப்பிடிக்கிறது. சுற்றிலும் இருப்பதோ காய்ந்த அட்டையும் காகிதமும். குப்பை லாரிகளிலும் கழிவுக் கிடங்குகளிலும் 2022-ல் சுமார் 700 பேட்டரித் தீவிபத்துகள். 2024-ல் தீயணைப்புத் தலைவர்கள் மன்றமும், மின்கழிவு மறுசுழற்சிக்காக இயங்கும் மெட்டீரியல் ஃபோகஸ் அமைப்பும் வெளியிட்ட ஓராண்டுக் கணக்கில் அது 1,200-ஐத் தாண்டிவிட்டது. அத்தனைக்கும் வேப் காரணமில்லை. ஆனால் வாரத்துக்கு ஏறக்குறைய 50 லட்சம் ஒருமுறை பயன்பாட்டு வேப்கள் வீசப்படுவதாக மெட்டீரியல் ஃபோகஸ் 2023-ல் சொன்னதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும்.

வீசப்பட்டவை உயிரற்ற பேட்டரிகளும் அல்ல. தூக்கியெறியும் வேப்களுக்குள் இருந்தவற்றை லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் எடுத்துச் சோதித்தார்கள். 450 முறைக்கும் மேல் சார்ஜ் ஏற்றலாம் என்று 2023-ல் தெரிந்தது.

கழற்றக்கூடிய பேட்டரியிலும் ஆபத்து உண்டு என்ற மறுப்பு நியாயமானது. உதிரியாக விற்கும் 18650 என்னும் உருளை வடிவ லித்தியம் பேட்டரியைச் சாவியோடும் சில்லறையோடும் பாக்கெட்டில் போட்டவர்களுக்குத் தொடையில் தீக்காயம் பட்டிருக்கிறது. இவற்றை உதிரியாக வாங்க வேண்டாம் என்று அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2021-ல் எச்சரித்தது. ஆகவே வெறுமனே 'கழற்றலாம்' என்று ஒரு வரி எழுதினால் போதாது. மின்முனைகள் வெளியே துருத்தாமல் உள்ளடங்கியிருக்க வேண்டும். மின்குறுக்கு ஏற்பட்டால் துண்டிக்கும் சுற்று பேட்டரியோடு சேர்ந்தே வர வேண்டும். குழந்தையின் விரலுக்குத் திறக்காத மூடி வேண்டும். மாற்று பேட்டரியை உறையின்றி விற்கக் கூடாது.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கோரிக்கை அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு பேட்டரி ஒழுங்குவிதி, கையடக்கப் பொருள்களின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே சாதாரணக் கருவியால் கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்கிறது; 2027 பிப்ரவரி 18 முதல் அமல். அங்கே விற்க வடிவத்தை மாற்றப்போகும் உற்பத்தியாளர்கள் இங்கேயும் அதையே விற்கலாம்.

மூலைக்கடை நடத்தும் நம் தமிழர்கள் பலருக்கும் இது சொந்தப் பிரச்னை. வேப் விற்கும் கடை பழையதைத் திரும்பப் பெற்றாக வேண்டும். பேட்டரி உள்ளேயே மூடிக்கிடக்கும் வேப்கள் நிறைந்த பெட்டி ஒன்று கடையின் பின்னறையில் நிற்கிறது. பல இடங்களில் அதற்கு மேல்மாடியில் குடும்பம் தூங்குகிறது. பேட்டரியைக் கழற்ற முடிந்தால் முனைகளில் டேப் ஒட்டித் தனியே வைக்கலாம். செலவுக்கும் வழி இருக்கிறது. வேப்களைப் பொம்மைகளோடும் விளையாட்டுச் சாமான்களோடும் ஒரே வகையில் வைத்திருந்த மின்கழிவு விதியை 2025-ல் திருத்தி, தனி வகையாக்கினார்கள். சேகரிப்புச் செலவை இனி வேப் நிறுவனங்களே ஏற்க வேண்டும். அந்தப் பணத்தில் தீத்தாங்கும் பெட்டிகளைச் சிறு கடைகளுக்கும் இலவசமாகத் தரச் சொல்ல வேண்டும்.

உங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதுங்கள். 'மீண்டும் பயன்படும் வேப்' என்பதன் வரையறையில், பாதுகாப்பாகக் கழற்றக்கூடிய பேட்டரி என்ற நிபந்தனையைச் சுற்றுச்சூழல் அமைச்சு சேர்க்கட்டும்; அதற்கான கெடுவாக ஐரோப்பா வைத்திருக்கும் தேதியையே வைக்கட்டும்.