பரணில் கிடக்கும் டிரம்ஸ் யாருடையது?

தாத்தாவோ பெரியப்பாவோ விட்டுப்போன டிரம்ஸ் செட் ஒன்று வீட்டுப் பரணில் கிடக்கிறது. பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கம்பெனி?" இரண்டாவது கேள்வி, "என்ன விலைக்குத் தருவீங்க?" அடித்தவர் யார், எங்கே அடித்தார், என்ன கூலி வாங்கினார் என்று யாரும் கேட்பதில்லை. பொருளுக்குப் பெயர் உண்டு, உழைத்தவருக்குப் பெயர் கிடையாது என்பது சாதிச் சமூகத்தின் பழைய கணக்கு. பழம்பொருள் வியாபாரமும் அதே கணக்கைத்தான் போடுகிறது. நாமும் அதையே போடலாமா தோழர்களே?

நம் சேரிகளில் இந்த டிரம்கள் எப்படி வந்தன என்று முதலில் யோசிப்போம். சாவு வீட்டில் பறையடிக்க மறுத்த தலைமுறையில் பலர் பேண்டு செட்டுக்குப் போனார்கள். சிலர் சர்ச்சில் கற்றுக்கொண்டு மெல்லிசைக் குழுவுக்குப் போனார்கள். பேண்டு செட்டில் சீருடை உண்டு, பேசி வாங்கும் கூலி உண்டு. "ஏய், வாடா" என்று யாரும் கூப்பிட முடியாது, அட்வான்ஸ் கொடுத்துத்தான் கூப்பிட வேண்டும். ஆனாலும் ஊர்வலம் கல்யாண வீட்டு வாசலோடு முடியும், பந்தியில் இடம் கிடையாது என்று பெரியவர்கள் நம்மிடம் சொல்லியிருக்கிறார்கள். பாதி விடுதலை, பாதி தீட்டு. இந்த வரலாறு எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. அந்த டிரம்மில்தான் இருக்கிறது.

நாங்கள் வேலை செய்யும் பகுதியில் ஒரு கல்லூரி மாணவர், இறந்துபோன தன் பெரியப்பாவின் செட்டை அடையாளம் காண உதவி கேட்டார். அதற்கு முன்பே ஒரு வியாபாரி வந்து, "டூப்ளிகேட், எடைக்குத்தான் போகும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நாங்கள் பிரித்துப் பார்த்தோம். பேஸ் டிரம்மில் 'மேட் இன் இங்கிலாந்து' என்று பொறித்த பிரீமியர் பேட்ஜ். சைடு டிரம்மில் பேட்ஜே இல்லை. மீரட்டில் வாங்கியது என்று குடும்பத்தார் சொன்னார்கள். டாம் வேறு, ஸ்டாண்ட் வேறு. பேஸ் டிரம்மின் முன்முகத்தில் பெயின்டில் எழுதியிருந்தது குழு நடத்திய முதலாளியின் பெயர். உள்பக்கப் பலகையில், வெளியே தெரியாத இடத்தில், பென்சிலால் எழுதியிருந்தது பெரியப்பாவின் பெயர்.

நான்கு டிரம்மும் ஒரே கம்பெனி, ஒரே வருடம் என்றால்தான் வியாபாரிக்கு மதிப்பு. கலந்து கிடந்தால் மட்டம். நமக்கு நேர் எதிர். ஒரு சீசன் கூலியில் ஒரு டிரம், அடுத்த சீசனில் ஒரு ஸ்டாண்ட் என்று சேர்த்த செட் அது. அந்தக் கலவையே ஒரு தொழிலாளியின் சம்பளக் கணக்கு. மீரட் பல காலமாகப் பேண்டு வாத்தியங்கள் செய்யும் நகரம். அங்கே கையால் செய்த டிரம்மைப் பேட்ஜ் இல்லை என்பதற்காகப் போலி என்பது, இன்னொரு கூட்டம் தொழிலாளிகளையும் அழிப்பதாகும்.

இதற்காகத் தொழில்நுட்ப அறிவு வேண்டாம் என்று சொல்லவில்லை. நம்மை ஏமாற்றுகிறவர்கள் நமக்குத் தெரியாததை வைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள். டிரம்மின் காற்றுத் துளையைச் சுற்றி உள்ள உலோகத் தகட்டில் ஊர்ப் பெயரைப் பாருங்கள். லட்விக் பேட்ஜில் வரிசை எண் வந்தது 1963 வாக்கில்தான். டாமா என்ற பெயர் 1974இல்தான் டிரம்முக்கு வந்தது. 60களின் டாமா என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அனுப்புங்கள். 1950களின் பிற்பகுதி வரை முகத்துக்குக் கன்றுத் தோல்தான், பிளாஸ்டிக் பிறகு வந்தது. ஆனால் முகத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். கூடுதலாகத் துளையிட்ட தடம் இருந்தால் பாகங்கள் மாறியிருக்கின்றன. எதையும் பாலிஷ் போடாதீர்கள், பெயின்ட் அடிக்காதீர்கள். முதலில் உள்பக்கத்தைப் போட்டோ எடுங்கள்.

இந்த டிரம்ஸ் செட் பிறந்த கதையும் நமக்கு அந்நியமானதல்ல. அமெரிக்காவில் 1739இல் ஸ்டோனோ என்ற இடத்தில் அடிமைகள் டிரம் முழங்கக் கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டே தென் கரோலினா சட்டம் போட்டு அடிமைகளின் டிரம்மைத் தடை செய்தது. அங்கே ஒடுக்கப்பட்டவர் கையிலிருந்து டிரம்மைப் பிடுங்கினார்கள். இங்கே ஒடுக்கப்பட்டவர் கழுத்தில் பறையைக் கட்டாயமாக மாட்டினார்கள். யார் எப்போது அடிக்கலாம் என்பதை ஆண்டைதான் முடிவு செய்வான் என்பதில் இரண்டும் ஒன்று.

பிற்பாடு நியூ ஆர்லியன்ஸின் கறுப்பின இசைஞர்கள், பேண்டில் ஆளுக்கொன்றாக அடித்த டிரம்களை ஒருவரே உட்கார்ந்து வாசிக்கும் கலையாக வளர்த்தார்கள். 1909இல் கால் பெடலுக்குக் காப்புரிமை பெற்ற லட்விக்கின் பெயர் இன்றும் டிரம்மில் மின்னுகிறது. அந்தப் பெடலை இசையாக்கியவர்களில் முன்னோடியான பேபி டாட்ஸின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனால் அவர் ஒரு காரியம் செய்தார். 1946இல் தன் வாசிப்பைத் தானே விளக்கிப் பேசி, வாசித்துக் காட்டி, ஒலிப்பதிவாக விட்டுச் சென்றார். அதனால்தான் அவரை இன்று கேட்க முடிகிறது.

நம் இயக்கத்துக்குள்ளேயே சிலர் கேட்கிறார்கள்: இழிவின் அடையாளமான மேளத்தை ஏன் காப்பாற்ற வேண்டும்? கேள்வி நியாயமானது. 1927இல் மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் செத்த மாட்டு இறைச்சியைக் கைவிடச் சொன்னது சுயமரியாதைக்காகத்தான். சாதிக் கட்டாயத்தில் அடிக்கும் மேளத்தை இன்றும் மறுத்தே ஆக வேண்டும். ஆனால் மேளத்தை எரித்தால் கட்டாயம் எரியாது, சாட்சிதான் எரியும். 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது; மகிழ்ச்சி. பறையும் பேண்டும் அடித்தே செத்துப்போன மற்றவர்களின் பெயரை எந்த அரசும் தேடி வராது.

சாட்சியைக் கண்டு அவர்கள் எவ்வளவு பயப்படுகிறார்கள் என்பதை 2020இல் பார்த்தோம். மிருதங்கம் செய்யும் தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய புத்தக வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்கத்தைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. தோலின் நாதம் வேண்டும், தோலைப் பதமாக்கிய கையின் கதை வேண்டாம்!

ஆகவே மாணவத் தோழர்களே, இந்த விடுமுறையில் பரணில் ஏறுங்கள். பேட்ஜை எழுதுவதற்கு முன் வாசித்தவரின் பெயரை எழுதுங்கள். அவருடைய தெரு, குழு, வாங்கிய கூலி, வாசலோடு நிறுத்திய வீடுகள், கைதட்டிய திருவிழாக்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். அவரோடு வாசித்தவர்கள் உயிரோடு இருந்தால் இன்றே செல்போனில் பதிவு செய்யுங்கள். கிழவர்கள் காத்திருக்க மாட்டார்கள். விற்க வேண்டிய வறுமை இருந்தால் விற்கலாம், அதில் குற்றமில்லை. ஆனால் பெயரைப் பதியாமல் விற்காதீர்கள். உள்ளே பென்சிலில் இருக்கும் பெயரை வெளியே கொண்டுவருவது நம் வேலை.

ஜெய்பீம்!