தலைக்கு மேலே செல்லும் வெளிச்சம்

ஏற்றிய விளக்கை மரக்காலுக்குள் மறைக்கும் மடமையை ஆண்டவர் அன்றே சுட்டிக் காட்டினார். நம் காலத்து வல்லவர்களோ அதனினும் பெரிய மடமை ஒன்றைச் செய்து காட்டினர். விளக்கை ஏற்றினார்கள், அதனை ஏழையின் கூரைக்கு மேலாகவே சுமந்து சென்றார்கள், தொலைவிலிருந்த செல்வனின் சுரங்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். இதனை உவமை என்று எண்ண வேண்டா. காங்கோ சனநாயகக் குடியரசில் இன்றும் கண்ணால் காணத்தக்க காட்சி இது.

காங்கோ ஆறு கடலை அணுகுமுன் இங்கா என்னுமிடத்தில் பெரும் வேகத்துடன் தாழ இறங்குகிறது. அங்கே 40,000 மெகாவாட் அளவுக்கு மின்சாரம் எடுக்கலாம் என்பது பொறியாளர் கணக்கு. சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. மொபுட்டு ஆட்சியில் இங்கா முதல் நிலையம் 1972-இலும், இரண்டாம் நிலையம் 1982-இலும் இயங்கத் தொடங்கின. அந்த மின்சாரத்தை ஏற்றிச் செல்ல ஏறத்தாழ 1,700 கி.மீ. நீளத்திற்கு உயரழுத்தக் கம்பிகள் இழுக்கப்பட்டன. அவை சென்று சேர்ந்த இடம் கட்டங்காவின் செம்புச் சுரங்கப் பகுதி. அது நேர்மின்னோட்டப் பாதை. நெடுந்தொலைவு கொண்டு செல்வதற்கு அது ஏற்றது. இடையிலுள்ள ஊருக்கு அதிலிருந்து ஒரு கிளை பிரிப்பதோ பெருஞ்செலவு. ஆகவே வழிநெடுக வாழ்ந்த மக்கள் கம்பத்தைக் கண்டனர், கம்பியைக் கண்டனர், விளக்கை மட்டும் காணவில்லை. அத்திட்டத்திற்கு வாங்கிய கடனோ, அவர்களும் பிள்ளைகளும் சுமக்கும் நாட்டுக் கடனாயிற்று.

ஆப்பிரிக்காவிலேயே கத்தோலிக்கர் மிகுதியாக வாழும் நாடு இது. பத்துக் கோடியைத் தாண்டிய மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கே இன்று மின்சாரம் கிட்டியுள்ளது. ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் வாழும் தலைநகர் கின்சாசாவிலும் பெரும்பாலான அடுப்புகள் மரக்கரியால் எரிகின்றன. அக்கரிக்காகக் காடு அழிகிறது. புகையால் தாயின் நெஞ்சு நலிகிறது. உலகில் மின்சாரமின்றி வாழ்வோர் 2023-ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறக்குறைய 66 கோடிப் பேர். அவர்களுள் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சகாராவுக்குத் தெற்கே உள்ளனர்.

இதில் நமக்கென்ன என்று கேட்போர் தம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கட்டும். உலகில் தோண்டப்படும் கோபால்ட்டில் பெரும்பகுதி அதே கட்டங்கா மண்ணிலிருந்தே வருகிறது. நம் கைப்பேசியின் மின்கலத்திலும், புகை கக்காத புதிய கார்களின் மின்கலத்திலும் அது இடம்பெறுகிறது. பணக்கார நாடுகளின் காற்று தூய்மையாக வேண்டும். அதற்கான கனிமத்தைத் தோண்டுகிறவனின் குடிசையில் மண்ணெண்ணெய்ப் புகை சூழ்ந்திருக்கலாம்! இந்த நீதியை நாம் ஏற்பதெப்படி? ஆப்பிரிக்கா கொள்ளையிடத்தக்க சுரங்கம் அன்று என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2023-இல் கின்சாசா மண்ணில் நின்றே முழங்கினாரே, அதனைக் கேட்டவர் எத்தனை பேர்?

"ஏழைக்குக் கட்டணம் செலுத்த வழியில்லை, அதனால் கம்பி போகவில்லை" என்பர் சிலர். நாம் மறுக்கிறோம். ஏழை இன்றும் செலுத்திக்கொண்டுதான் இருக்கிறான். மண்ணெண்ணெய்க்கும், மெழுகுவர்த்திக்கும், கடையில் கைப்பேசிக்கு மின்னேற்றவும் அவன் கொடுக்கும் காசைக் கணக்கிட்டால், அவன் பெறும் சிறு வெளிச்சத்திற்கு நகரத்துச் செல்வன் தருவதைவிடக் கூடுதலாகவே தருகிறான். அவனால் இயலாதது, இணைப்பு பெறுவதற்கென முதலில் ஒருசேரக் கட்ட வேண்டிய பெருந்தொகை. அத்தடையைத் தகர்ப்பது அரசின் கடமை.

"சூரிய விளக்கு ஒன்று கொடுத்தால் போதாதா?" என்பர் வேறு சிலர். பிள்ளை படிக்க அந்த விளக்கு உதவும். அதை நாம் இகழவில்லை. ஆனால் தடுப்பூசிகளைக் காக்கும் குளிர்பெட்டிக்கும், மரவள்ளியை மாவாக்கும் ஆலைக்கும், மூச்சுத் திணறும் சிசுவுக்கு உயிர்வளி தரும் கருவிக்கும் அந்த ஒற்றை விளக்கு போதுமா? தனக்குப் போதாததைப் பிறனுக்குப் போதுமென்று சொல்பவன் கருணையாளன் ஆகான்.

பழைய பிழை மீண்டும் முளைவிடுவதே நம் அச்சம். இங்கா மூன்றாம் நிலையத்திற்கென 4,800 மெகாவாட் திட்டமிட்டபோது, அதில் 2,500 மெகாவாட்டைத் தென்னாப்பிரிக்காவும் 1,300 மெகாவாட்டைச் சுரங்கங்களும் பெறும் என்றே கணக்கிட்டனர். 2016-இல் உலக வங்கி அத்திட்டத்திலிருந்து விலகியது. 2025 ஜூனில் 25 கோடி டாலருடன் திரும்பி வந்துள்ளது. சுற்றுப்புற ஊர்களின் நலனுக்கு முதலிடம் என்கிறார்கள். 2030-க்குள் ஆப்பிரிக்காவில் 30 கோடிப் பேருக்கு மின்சாரம் என்ற உறுதிமொழியும் ஒலிக்கிறது. நன்று. ஆனால் கட்டப்படும் மெகாவாட்டை எண்ணாமல், ஒளிபெறும் வீட்டை எண்ணட்டும். கம்பி செல்லும் வழியிலுள்ள ஊர்கள் ஒளிபெற்ற பின்பே ஏற்றுமதி என்று ஒப்பந்தத்தில் எழுதட்டும்.

வேறு வழி உண்டு என்பதற்கும் காங்கோவே சான்று. கிழக்கே விருங்கா தேசியப் பூங்காவின் ஆற்றில் 2015-இல் மத்தேபே நிலையம் அமைந்தது. அதன் அளவு 13 மெகாவாட் மட்டுமே. ஆனால் அது அருகிலிருந்த ருட்சுரு மக்களுக்கு ஒளியும் சிறுதொழிலும் தரவென்றே எழுந்தது. மரக்கரிக்காகக் காட்டை வெட்டும் தேவையைக் குறைக்கவும் எழுந்தது. பின்னர் வந்த போர் அம்மண்ணைப் புண்படுத்தியது உண்மையே. ஆயினும் அணை சிறிதானாலும், அது எவருக்காக என்பது தெளிவாயிருந்தால் பயன் பெரிதாகும் என்பதை அது காட்டிவிட்டது.

இறுதியாக நம் வீட்டையும் பார்ப்போம். ஏழை நாடுகள் கதிரவன் ஆற்றலைப் பயன்கொள்ளத் தொழில்நுட்பமும் பொருளும் வழங்குவது, மாசுபடுத்தி வளர்ந்த நாடுகளின் கடமை என்று 2015-இன் 'லௌதாத்தோ சி' சுற்றுமடல் கற்பிக்கிறது. வத்திக்கானில் ஆறாம் பவுல் அரங்கின் கூரை 2008-லேயே கதிரவத் தகடுகளை ஏற்றது. நம் நிறுவனங்களும் அவ்வழி தகடுகளைப் பதிக்கின்றன, மின்கட்டணம் குறைகிறது. மகிழ்ச்சியே. ஆனால் நம் வளாகச் சுவருக்கு அப்பால் இருண்டு கிடக்கும் குடிசைக்கு அந்த வெளிச்சத்தில் பங்குண்டா? மிஞ்சியதை வாசலில் கிடந்த இலாசருக்குக் கொடுக்க மறந்த செல்வனின் கதையை ஆண்டுதோறும் பீடத்தில் வாசிக்கிறோமே, அது பிறரைப் பற்றியது என்றா எண்ணுகிறோம்?

கதிரவன் நல்லோர்மேலும் தீயோர்மேலும் உதிக்கிறான், அவனுக்குக் கட்டணமில்லை. அவன் ஒளிக்கு வேலி போட்டவர் மனிதரே. அவ்வேலியை அகற்றும் கடமையும் மனிதராகிய நம்முடையதே.