இடுப்புக்குக் கரண்ட் வைக்கப் போகிறவர்களுக்கு

பதிவு கொஞ்சம் நீளம். மணி அடித்த பிறகும் பாடத்தை நிறுத்தாதவன் நான் என்பது உங்களுக்குத் தெரியாததா, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நம் குடும்பக் குழுவில் மருமகன் ஒருவர் ஒரு விளம்பரம் போட்டிருந்தார். நாள்பட்ட இடுப்பு வலிக்கு 21 நாள் பேக்கேஜாம். ஐ.எஃப்.டி., அல்ட்ராசவுண்ட், ட்ராக்‌ஷன் எல்லாம் உண்டு, பெல்ட் இலவசம். அதற்குக் கீழே பதினோரு பேர் கும்பிடு போட்டு நம்பர் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பதினோரு பேரில் நாலு பேர் நகையை அடகு வைத்து வட்டி கட்டிக்கொண்டிருப்பவர்கள் என்பது எனக்குத் தெரியும். சும்மா இருக்க முடியவில்லை.

இதே பேக்கேஜை வாங்கி ஏமாந்தவன் நான். 34 வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்ற இடுப்பு இது. ஓய்வு பெற்ற மறுவருஷம் பிடித்துக்கொண்டது. ஒரு சிட்டிங் 400 ரூபாய், 21 சிட்டிங் 8,400 ரூபாய், பெல்ட் தனியாக 1,450. கட்டிலில் குப்புறப் படுக்கச் சொல்வார்கள். ஒரு பையன் வந்து முதுகில் நாலு பட்டையை ஒட்டி, கரண்ட் சுவிட்சைப் போட்டுவிட்டு மொபைலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவான். பதினைந்து நிமிஷம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த 21 நாளில் ஒருவர்கூட, "சார், நீங்க எவ்வளவு தூரம் நடப்பீங்க? தரையில உட்கார்ந்து எந்திரிக்க முடியுதா?" என்று கேட்கவில்லை. கடைசி நாள் பில்லோடு அடுத்த பேக்கேஜின் விலையையும் சொன்னார்கள்.

"சார், எனக்கு அதில் குணமாச்சே" என்று சிலர் எழுதுவீர்கள். கணக்கு வாத்தியார் பதில் சொல்கிறேன், கேளுங்கள். காலாண்டுத் தேர்வில் கடைசியாக வந்த பத்துப் பேருக்கு வருஷா வருஷம் ஸ்பெஷல் கிளாஸ் எடுப்பேன். அரையாண்டில் அவர்களில் ஏழெட்டுப் பேர் மார்க் ஏறிவிடும். எனக்கு ஒரே பெருமை. ஒரு வருஷம் வாக்காளர் பட்டியல் வேலைக்கு என்னை அனுப்பிவிட்டார்கள், ஸ்பெஷல் கிளாஸே நடக்கவில்லை. அந்த வருஷமும் ஏழு பேருக்கு மார்க் ஏறியிருந்தது! ரொம்பக் கீழே போனது தானாகவே கொஞ்சம் மேலே வரும், அவ்வளவுதான். இடுப்பு வலியும் ஏறி இறங்குகிற சாமான். தாங்க முடியாத அன்றைக்குத்தான் நாம் கிளினிக்குக்கு ஓடுகிறோம். மூன்று வாரத்தில் அது இறங்கத்தான் செய்யும். அந்தப் பேர் மெஷினுக்குப் போய்விடுகிறது.

அதனால்தான் ஒரு கூட்டத்துக்கு வைத்தியம் செய்து, இன்னொரு கூட்டத்துக்குச் செய்யாமலோ, செய்வது போலப் பாவனை மட்டும் காட்டியோ ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. அப்படி ஒப்பிட்ட ஆய்வுகளை எல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ட்ராக்‌ஷன், அல்ட்ராசவுண்ட், டென்ஸ் கரண்ட், இடுப்பு பெல்ட் நான்கையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016-லேயே இதைச் சொல்லிவிட்டது. அவர்கள் பட்டியலில் நம் ஐ.எஃப்.டி.யும் உண்டு. இத்தனைக்கும் இந்த இரண்டு அமைப்பும் எல்லாவற்றிலும் ஒத்துப்போகிறவர்கள் இல்லை. அக்குபஞ்சர் வேண்டாம் என்கிறது நைஸ், கொடுத்துப் பார்க்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படி முட்டிக்கொள்கிறவர்களே பெல்ட், ட்ராக்‌ஷன் விஷயத்தில் ஒரே குரலில் பேசுகிறார்கள். நம் ஊர் பேக்கேஜில் இருப்பதோ முழுக்க அதுதான்.

சரி, எதைத்தான் செய்வது? உடற்பயிற்சி. இதைச் சொன்னதும் பாதிப் பேர் மேலே தள்ளிவிட்டுப் போய்விடுவீர்கள் என்று தெரியும். 2021-ல் காக்ரேன் அமைப்பு 249 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஒன்றும் செய்யாதவர்களையும் வழக்கமான வைத்தியம் மட்டும் எடுத்தவர்களையும் விட, பயிற்சி செய்தவர்களுக்கு 100-க்குச் சுமார் 15 புள்ளி வலி குறைந்தது. பெரிய அதிசயம் இல்லைதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குனிந்து செருப்பு மாட்ட முடியாதவனுக்கு 15 என்பது என்னவென்று எனக்குத் தெரியும்.

எந்தப் பயிற்சி என்பதில் இன்னொரு சண்டை. மெக்கென்சி முறை, கோர் பயிற்சி, பிலாட்டீஸ், யோகா என்று ஆளுக்கொரு கட்சி. ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் மேல் என்று காட்டும் ஆய்வுகளும் உண்டு, வித்தியாசமில்லை என்று காட்டும் ஆய்வுகளும் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டனில் 320 பேரை வைத்து யோகாவையும் பிசியோதெரபியையும் ஒப்பிட்டு 2017-ல் வெளியிட்டார்கள். யோகா ஒரு மாற்றுக் குறையவில்லை. நடை ஒன்றே போதும் போலிருக்கிறது: ஆஸ்திரேலியாவில் இடுப்பு வலியிலிருந்து தேறிய 701 பேரில் ஒரு பகுதியினரைப் பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலில் படிப்படியாக நடக்க வைத்தார்கள். வலி திரும்ப வர அவர்களுக்கு 208 நாள் ஆனது, மற்றவர்களுக்கு 112 நாள். 2024-ல் லான்செட்டில் வந்தது. உங்களுக்கு எது சலிக்காதோ அதைச் செய்யுங்கள் என்பதுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது. மசாஜும், எலும்பு மூட்டைத் தட்டி அசைத்துவிடுவதும்கூடக் கொஞ்ச நாளைக்கு ஆறுதல் தரும். அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நடக்கிற அளவுக்கு வலி தணிந்தால் நல்லதுதானே.

இப்போது என் தங்கை கதை. எழுதினால் சண்டைக்கு வருவாள், பரவாயில்லை. 52 வயதில் எம்.ஆர்.ஐ. எடுத்து, "எல்4-எல்5 ஜவ்வு பிதுங்கியிருக்கு, இனிமே குனியக்கூடாது, குடம் தூக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டார்கள். காலில் மரத்துப்போவதோ பலம் குறைவதோ ஒன்றும் கிடையாது. ஆறு வருஷம் பெல்டைக் கட்டிக்கொண்டு, குனியாமலே வாழ்ந்தாள். கோலம் போடுவதை விட்டாள். பேரன் பிறந்தான். அவன் தவழ்ந்து வந்து காலைப் பிடித்து நிற்பான், இவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். "தூக்கினா நான் படுத்துருவேன்ணே" என்பாள். வலி இல்லாத மனிதர்களுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வெளியிட்டிருக்கிறார்கள். 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுக்கம், 50 வயதில் 60 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். வலியே இல்லாதவர்களுக்கு! தலை நரைத்தால் நோய் என்று யாராவது மருந்து கொடுக்கிறார்களா? "தேஞ்சு போச்சு", "விலகிப் போச்சு" என்ற இரண்டு வார்த்தை என் தங்கையிடமிருந்து ஆறு வருஷத்தைப் பிடுங்கிக்கொண்டது. இதற்கு யார் பில் போடுவது?

அரசு மருத்துவமனையில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மாதான் எங்கள் இரண்டு பேரையும் திருப்பினார். மெஷின் பக்கமே போகவில்லை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொல்லி எண்ணினார். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, நாலு காலில் நின்று எதிரெதிர்க் கையும் காலும் நீட்டுவது, நடை. தங்கைக்கு முதலில் கால் வாளித் தண்ணீர் தூக்கச் சொன்னார், இரண்டு வாரம் கழித்து அரை வாளி. வலித்தாலும் பயப்பட வேண்டாம், அது உடைகிற சத்தம் இல்லை என்று தைரியம் சொன்னார். தங்கைக்கு வலி போய்விடவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் இருக்கத்தான் செய்கிறது. பெல்ட் பரணில் கிடக்கிறது.

என் மாணவர்களில் பிசியோதெரபி படித்துக் கிளினிக் வைத்திருப்பவர்கள் மூன்று பேர் இதைப் படிப்பீர்கள். கோபம் வரும். "சார், பயிற்சி சொல்லிக் கொடுத்தா ஜனங்க காசு கொடுக்கறதில்லை, மெஷின் வைக்கலைன்னா வைத்தியமே பார்க்கலைன்னு போயிடறாங்க" என்று உங்களில் ஒருவன் என்னிடமே சொல்லியிருக்கிறான். நியாயம்தான், தப்பு எங்களிடமும் இருக்கிறது. ஆனால் நாலரை வருஷம் படித்த படிப்பு பட்டை ஒட்டுவதற்கா, தம்பி? உன் கண்ணுக்கும் கைக்கும் அரை மணி நேரத்துக்கும் ஃபீஸ் வாங்கு. 400 என்ன, 600 வாங்கு. நான் தருகிறேன்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிறுநீர், மலம் அடைத்துக்கொண்டாலோ கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ, தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ, கால் பலம் குறைந்துகொண்டே வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. காய்ச்சலோடு வலி, காரணமில்லாமல் எடை குறைதல், முன்பு புற்றுநோய் வந்தவர்கள், கீழே விழுந்தவர்கள், இவர்களும் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். அங்கே ஸ்கேன் தேவைதான்.

குழுவில் நம்பர் கேட்ட பதினோரு பேருக்கும் தனித்தனியாகப் போன் போடப் போகிறேன். எடுக்காமல் இருக்காதீர்கள். உள்ளூரில் இருப்பவர்கள் காலை ஆறு மணிக்குக் கண்மாய்க்கரைக்கு வாருங்கள், நானும் தங்கையும் அங்கேதான் நடக்கிறோம். பெல்ட் விளம்பரத்தைக் கீழே கமெண்டில் போடுகிறவர்களை, சொந்தக்காரராக இருந்தாலும், நீக்கிவிடுவேன்.