தரையில் ஒரு குஞ்சு

மலையடிவாரமாயிற்றே என்று புளியறையில் சித்திரை வெயில் தாட்சண்யம் காட்டுவதில்லை. ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரல் எட்டிப் பார்க்க இன்னும் ஒரு மாதமாவது ஆகவேண்டும். ஆனால் எங்கள் கொல்லையில் வசிக்கும் சின்னான் தம்பதிகளுக்கு இதுவே குடும்பம் நடத்தும் பருவம். கறுத்த தலையும் சிறு கொண்டையும், வாலடியில் குங்குமம் இட்டாற்போன்ற சிவப்பும் உடைய கொண்டைக்குருவியைத்தான் சொல்கிறேன்.

மாதுளைச் செடியில் கிண்ணம் போன்ற கூடு. அதில் மூன்று முட்டைகள். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் குஞ்சுகள் வெளிவந்தன. தாயும் தகப்பனும் மாறி மாறிப் புழு பூச்சிகளைக் கொணர்ந்து ஊட்டின. பன்னிரண்டாம் நாள் காலையில் பார்த்தால், ஒரு குஞ்சு கிணற்றடியில் துவைகல்லின் ஓரமாகக் குந்தியிருந்தது. உடம்பில் இறகு உண்டு. வால் மட்டும் இன்னும் வளரவில்லை.

"ஐயோ பாவம், விழுந்துவிட்டதே! எடுத்து வாருங்கள், கொஞ்சம் பால் கொடுக்கலாம்" என்று கிண்ணத்துடன் வந்தாள் என் சகதர்மிணி.

நான் அசையவில்லை. சென்ற வருஷம் இதே போன்ற குஞ்சு ஒன்றை எடுத்து, பெட்டியில் பஞ்சு பரப்பி, பாலும் சோறும் ஊட்டியவன் நான். மறுநாள் விடிவதற்குள் அது மாண்டது. பறவைகளுக்குப் பால் செரிப்பதில்லை என்பதைப் பிற்பாடுதான் படித்தறிந்தேன். பி.ஏ. பட்டமும் இருபது வருஷ உபாத்திமையும் அந்தப் பிராணிக்கு உதவவில்லை. அன்று முழுதும் அலகில் புழுவுடன் இரண்டு பறவைகள் வேலிமீது கத்திக்கொண்டிருந்தன. அந்தக் கூக்குரல் என் காதில் விழத்தான் விழுந்தது, பொருள்தான் விளங்கவில்லை.

சின்னான் குஞ்சுகள் நன்றாகப் பறக்கக் கற்குமுன்பே கூட்டைவிட்டு இறங்கிவிடும். அதன் பின்னும் பெற்றோர் தேடி வந்து ஊட்டும். ஆகையால், இறகு முளைத்துத் தத்தித் திரியும் குஞ்சை அப்படியே விட்டுவிடுவதே அதற்குச் செய்யும் உபகாரம். இறகு முளைக்காத குஞ்சு விழுந்திருந்தால் மெதுவாக எடுத்து அதன் கூட்டிலேயே வைக்கலாம். மனிதர் கைபட்டால் தாய் சேர்த்துக்கொள்ளாது என்பது பெரும்பாலும் வீண் பயம்.

நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளம் ஜனங்கள் இதில் நமக்கு ஆசான்கள். 1994-இல் சர்க்கார் அதைச் சரணாலயமாக அறிவிப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, வீட்டு மரங்களில் கூடு கட்டும் நாரைகளையும் கூழைக்கடாக்களையும் அவர்கள் காத்து வந்திருக்கிறார்கள். பறவைகள் வெருளுமென்று தீபாவளிக்குப் பட்டாசும் வெடிப்பதில்லை. உயர்ந்த மரங்களிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டிப் பேணுவதும் அங்கே உண்டு. அங்கே எடுப்பது தர்மம். எங்கள் கிணற்றடியில் எடுக்காதிருப்பது தர்மம். ஜீவகாருண்யத்துக்கு இரக்கம் மட்டும் போதாது, விஷயமும் தெரிந்திருக்க வேண்டும்.

கிண்ணத்துப் பால் வீணாகவில்லை. அடுத்த வீட்டுப் பூனையை வாசல் திண்ணைக்கு அழைத்து அதற்கு வார்த்துவிட்டு, கொல்லைக் கதவைச் சாத்தினாள் என் மனைவி. ஜன்னல் வழியே இருவரும் பார்த்திருந்தோம். கால் மணி நேரம் கழித்துத் தாய்ப்பறவை துவைகல்லில் வந்து இறங்கியது. அதன் அலகில் ஒரு பச்சைப் புழு நெளிந்தது.