உயிரணுச் சவ்வு வெறும் வேலியா?

உயிரணுச் சவ்வின் வேலை என்ன என்று கேட்டால், "எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்பதைக் கட்டுப்படுத்துவது" என்று மாணவர்கள் உடனே சொல்வார்கள். விடை சரிதான், மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால், அது பாதி விடைதான் என்பது என் கருத்து. சவ்வு வேலி மட்டுமன்று. செய்திகளுக்கான மூலப்பொருளைச் சேமித்து வைத்திருக்கும் கிடங்கும் அதுவே.

திடலில் ஓடும்போது கணுக்கால் சுளுக்கிக்கொள்கிறது. சற்று நேரத்தில் அந்த இடம் வீங்கி வலிக்கிறது. அங்கே என்ன நடக்கிறது?

சவ்வு, பாஸ்போலிப்பிட் எனும் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆன இரட்டை அடுக்கு. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலை, இரண்டு வால்கள். அடிபட்ட இடத்து உயிரணுக்களுக்குள் கால்சியம் அயனிகளின் அளவு உயர்கிறது. உடனே, பாஸ்போலிபேஸ் ஏ2 என்ற நொதி சவ்வில் போய் ஒட்டி, ஒரு வாலை வெட்டுகிறது. இப்படி விடுபடுவதுதான் 20 கார்பன் அணுக்களைக் கொண்ட அராக்கிடோனிக் அமிலம். சைக்ளோ ஆக்சிஜனேஸ் என்ற இன்னொரு நொதி அதில் வேலையைத் தொடங்க, முடிவில் புரோஸ்டாகிளாண்டின் உருவாகிறது. இது இரத்தக் குழாய்களை விரிக்கிறது. நரம்பு முனைகள் வலியை எளிதில் உணரும்படி செய்கிறது. ஆஸ்பிரின் தடுப்பது அந்த இரண்டாவது நொதியைத்தான். புரோஸ்டாகிளாண்டின் உருவாவதை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று 1971-இல் காட்டிய ஜான் வேன், 1982-இல் மருத்துவ நோபல் பரிசை மேலும் இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

நாகப்பாம்பின் நஞ்சிலும் பாஸ்போலிபேஸ் ஏ2 வகை நொதிகள் உண்டு. வெட்டு ஒன்றுதான், வேறுபாடு கட்டுப்பாட்டில் இருக்கிறது. நம் உயிரணு தேவைப்படும்போது மட்டும் கத்தியை எடுக்கிறது. நஞ்சிலுள்ள நொதியோ அதன் கட்டளைக்குக் காத்திருப்பதில்லை.

"இதெல்லாம் பல்கலைக்கழகப் பாடம், எஸ்.பி.எம். தேர்வுக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நொதிகளின் பெயர்களை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. சவ்வு, லிப்பிட், நொதி ஆகிய மூன்றையும் படிவம் 4 உயிரியலில் தனித்தனிப் பாடங்களாகப் படிக்கிறோம். உடலில் அவை தனித்தனியாக இயங்குவதில்லை. அவற்றை இணைத்துப் பார்க்கப் பழகாத மாணவர், தேர்வில் தேறினாலும் தம் சுளுக்கு ஏன் வலிக்கிறது என்பதை விளக்க முடியாது.

எனவே மாணவர்களே, பாடநூலில் சவ்வின் படத்தைப் பார்க்கும்போது இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த வாலை வெட்டினால் என்ன ஆகும்?