அச்சு முறியாத தேர்

உங்கள் வீட்டில் பதினைந்து வயசைத் தாண்டிய டூ வீலர் இருக்கிறதா? இருந்தால் உடனே ஆர்.சி. புத்தகத்தை எடுத்து, எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். பார்த்துவிட்டு வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்.

சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷம்தான். அப்புறம் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் வண்டியைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னால் நிறுத்த வேண்டும். எங்கள் வீட்டு யமஹா ஆர்.எக்ஸ். 100, 1995 மாடல். 2025-ல் நாலாவது தடவையாக நிறுத்தினோம்.

கட்டணத்தைக் கேட்டதும் எனக்குள் இருக்கும் பி.காம். விழித்துக்கொண்டது. 2022 ஏப்ரலிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கு 1,000 ரூபாய். 2025 ஆகஸ்டில், இருபது வயசைத் தாண்டியதற்கு 2,000 ஆக்கிவிட்டார்கள். தேதி தவறினால் மாசத்துக்கு 300 தனி. வண்டியின் அன்றைய விலை முப்பதாயிரம் என்றே வைத்துக்கொள்வோம். குறைந்து செல் மதிப்பு முறையில் வருஷம் 15 சதவீதம் தேய்மானம் போட்டால், முப்பது வருஷம் கழித்து வண்டியின் புத்தக மதிப்பு 229 ரூபாய். 229 ரூபாய் சொத்துக்கு 2,000 ரூபாய் ஃபீஸ்! எந்த ஆடிட்டரிடமாவது சொல்லிப் பாருங்கள், சோடா வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

"வித்துடலாம்ப்பா" என்றேன்.

"இதுலதான் முப்பது வருஷம்... நைட் ஷிஃப்ட்டு, பகல் ஷிஃப்ட்டுன்னு நெய்வேலிக்குப் போனேன். உன்னை வளர்த்ததுக்கும் தேய்மானம் போட்டிருக்கியா?" என்றார் அப்பா. பேச்சு அதோடு முடிந்தது.

திருவதிகைக்காரர்களுக்கு வண்டி கண்டிஷன் விவகாரம் புதிதில்லை. முப்புரம் எரிக்கக் கிளம்பிய சிவபெருமானின் தேருக்குப் பூமியே தட்டு, சூரிய சந்திரர்கள் சக்கரம், நாலு வேதங்கள் குதிரை, பிரம்மா டிரைவர். ஸ்பேர் பார்ட்ஸில் ஒரு குறை சொல்ல முடியுமா? இருந்தும், பிள்ளையாரைக் கும்பிடாமல் கிளம்பியதால் வழியில் அச்சு முறிந்தது. முறிந்த இடம் அச்சிறுபாக்கம். சரிபண்ணிக்கொண்டு வந்து முப்புரம் எரித்தது எங்கள் வீரட்டானத்தில். அதனால் அப்பா முதலில் பிள்ளையாரைப் பார்த்தார், அப்புறம் பண்ருட்டியில் மெக்கானிக் பாயைப் பார்த்தார்.

பாய் சைலன்ஸரைக் கழற்றித் தட்டினார். ஒரு பிடி கார்பன் விழுந்தது. டூ ஸ்ட்ரோக் வண்டி பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்து எரிக்கும். ஆயில் கொஞ்சம் தாராளமாகப் போனால் தெருவுக்கே சாம்பிராணி. 2000 மார்ச்சுக்கு முன்னால் தயாரான இரு சக்கர வண்டிகளுக்குப் புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரை அனுமதி. கார்புரேட்டரைத் துடைத்து, ட்யூனிங் பண்ணியதும் பாஸாகிவிட்டது.

சேஸிஸ் நம்பர் ஹேண்டிலுக்குக் கீழே கழுத்தில் இருக்கிறது. அதாவது, துருவுக்கு அடியில். மண்ணெண்ணெய்த் துணியால் பொறுமையாகத் துடைக்க வேண்டும். உப்புத்தாளை வைத்து அழுத்தித் தேய்த்தால் துருவோடு நம்பரும் போய்விடும், அப்புறம் அது யாருடைய வண்டி என்று போலீஸ் கேட்கும். மேலே பேப்பரை வைத்து பென்சிலால் தேய்த்தால் எண்கள் எழுந்து வரும். சின்ன வயசில் காலணா, எட்டணாவை வைத்துத் தேய்ப்போமே, அதேதான். நம்பர் பிளேட்டில் 'வீரட்டேசர் துணை' என்று அப்பா எழுதி வைத்திருந்ததை அழிக்கச் சொன்னார் பாய். "சாமி டேங்க்ல உட்காரட்டும், சார். பிளேட்ல நம்பருக்கு மட்டும்தான் இடம்."

பின் சக்கரத்தின் டிரம்மைத் திறந்தபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பிரேக் ஷூவில் லைனிங் என்று சொல்ல ஒன்றுமில்லை; அப்பளக் கனம். அப்பா தினமும் மார்க்கெட்டுக்குப் போய்வருவது கும்பகோணம் ரோட்டில்.

"நான் வேகமா போறதில்லையே" என்றார் அப்பா.

"நீங்க போறதில்ல சார். எதிர்ல வர்ற லாரி போவுதே" என்றார் பாய்.

அப்பா பதில் சொல்லவில்லை. இரண்டு சக்கரத்துக்கும் ஷூ மாற்றினோம். யோசித்துப் பார்த்தால், சோதனை என்று ஒன்று இல்லாவிட்டால் அந்த டிரம்மை யார் திறந்திருக்கப் போகிறார்கள்? ஃபீஸைத் திட்டிய வாய் கொஞ்சம் அடங்கியது.

இங்கிலாந்தில் 1960-லிருந்து இந்தச் சோதனை உண்டு, அதுவும் இப்போது வருஷா வருஷம். ஆனால் 2018-லிருந்து, பெரிதாக மாற்றாத நாற்பது வயசு வண்டிகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். அப்பாவிடம் சொன்னேன். "அப்ப இன்னும் பத்து வருஷம்தான், லண்டனுக்கு அனுப்பிடலாம்" என்றார்.

ஆய்வாளர் லைட், ஹாரன், இண்டிகேட்டர் பார்த்தார். பென்சில் நம்பரையும் வண்டி நம்பரையும் ஒப்பிட்டார். பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. "யார் ஓட்டறது?" என்றார் என்னைப் பார்த்து.

"நான்தான்" என்று அப்பா முன்னால் வந்தார். வயசு 71.

"உங்க லைசென்ஸைக் காட்டுங்க, சார்."

ஐம்பத்தைந்தைத் தாண்டினால் ஆளுக்கும் வண்டிக்கும் ஒரே கணக்கு. லைசென்ஸும் ஐந்தைந்து வருஷம்தான், டாக்டர் சான்றிதழ் படிவம் 1-ஏ வேறு. அப்பாவுடையது அடுத்த மாசத்தோடு முடிவதாக இருந்தது. ஆய்வாளர் ஒன்றும் சொல்லவில்லை, தேதியை மட்டும் விரலால் தொட்டுக் காட்டித் திருப்பிக் கொடுத்தார்.

வண்டிக்கு ஐந்து வருஷம் கிடைத்துவிட்டது. அன்று சாயங்காலமே அப்பா கண் டாக்டர் வீட்டு வழியாக வாக்கிங் போனார். எழுத்துப் பலகையின் கடைசி வரியை எப்படியோ தெரிந்துகொண்டு வந்து, திண்ணையில் உட்கார்ந்து மனப்பாடம் செய்ய ஆரம்பித்துவிட்டார்.